புயலுக்கு முன்பே முடிக்க வேண்டிய காகித வேலை: வெளிநாட்டு அரசுகளின் நிவாரண நிதி, கடலூர் – புதுச்சேரி அமைப்புகளுக்கு

தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. கடலூரை மூழ்கடித்த மழை 2015 நவம்பரில். ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிவதற்குள் சிறிய அறக்கட்டளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வெளிநாட்டு அரசாங்கப் பணம் வருதாமே, அதை நாம வாங்க முடியாதா?"

வாங்கலாம். ஆனால் புயல் வந்த பிறகு தொடங்கினால் முடியாது. நிதி தருபவர் மூன்று நாளில் முடிவெடுப்பார். அதை வாங்க நம் நாட்டுச் சட்டம் கேட்கும் பதிவுக்கோ பல மாதம் பிடிக்கும். அதனால் கீழே உள்ளதில் முதல் ஆறு படிகள் வெயில் காலத்து வேலை. மீதியைத்தான் மழையில் நனைந்துகொண்டு செய்ய வேண்டும்.

1. பணம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள்

புயல் நிவாரணத்துக்கென்று வெளிநாட்டு அரசுகள் பொதுவாகக் கடலூரில் இருக்கும் ஒரு அறக்கட்டளைக்கு நேரடியாகக் காசோலை எழுதுவதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் மனிதநேய நிதியை ஒரு தொண்டு நிறுவனம் பெற, அது ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் பதிவாகி, ஆணையத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இப்போதைய சான்றிதழ் 2021–2027 காலத்துக்கானது. ஐ.நா.வின் மத்திய அவசர நிதி ஐ.நா. நிறுவனங்களுக்கு மட்டும்தான். பிரான்சில் நகராட்சிகளும் மாவட்ட மன்றங்களும் சேர்ந்து போடும் பேரிடர் நிதி ஒன்று உண்டு. ஃபசேக்கோ என்பார்கள், அதை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் நிர்வகிக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று நேராக மனுவோடு போய் நிற்பதில் பயனில்லை.

நடைமுறையில் சிறிய அமைப்புக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்றுதான்: அந்த நிதியைப் பெறத் தகுதியுள்ள வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்க் கூட்டாளி ஆவது. வேகத்துக்கு எடுத்துக்காட்டு ஸ்டார்ட் நிதி, தொண்டு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று நடத்தும் அவசர நிதி. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற அரசுகளின் பணம் அதில் இருக்கிறது. உறுப்பினர் அமைப்பு எச்சரிக்கை எழுப்பியதிலிருந்து 72 மணி நேரத்தில் பணம் யாருக்கு என்று முடிவாகிவிடும். வேலையை 45 நாளில் முடிக்க வேண்டும். இந்த வேகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே யாருடைய பட்டியலிலாவது இருந்தாக வேண்டும்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வரி: 2025 ஜூலை 1 முதல் அந்த நிறுவனம் வெளிநாட்டு உதவித் திட்டங்கள் நடத்துவதை நிறுத்திவிட்டது.

2. எது 'வெளிநாட்டுப் பணம்'? இங்கேதான் புதுச்சேரிக்காரர்கள் சறுக்குகிறார்கள்

சட்டத்தின் பெயர் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010. எல்லோரும் சொல்வது எஃப்சிஆர்ஏ. பணம் எந்த நாட்டு நாணயத்தில் வந்தது என்பதை அது பார்ப்பதில்லை, கொடுத்தவர் யார் என்றுதான் பார்க்கிறது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு குடும்பம், முத்தியால்பேட்டையில்தான் வீடு, பணம் புதுச்சேரி வங்கியில் ரூபாயாகத்தான் இருக்கிறது. அவர்கள் நிவாரணத்துக்கு 50,000 ரூபாய் தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாமல் வாங்கினால் சட்டமீறல். அதே தெருவில் இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார். சந்தேகம் இருந்தால் கடவுச்சீட்டின் முதல் பக்க நகலை ரசீதோடு இணைத்து வையுங்கள். முறைத்துக்கொண்டாலும் கேளுங்கள்.

வெளிநாட்டுத் துணைத் தூதரகம் சென்னையிலிருந்து ரூபாயில் அனுப்பினாலும் வெளிநாட்டு அரசின் பணம்தான். மாறாக, யுனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகள் சட்டத்தின் கண்ணில் 'வெளிநாட்டு மூலம்' இல்லை. அவர்களிடமிருந்து நேரடியாக வந்தால் எஃப்சிஆர்ஏ தேவைப்படாது.

பொருளும் இதில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் கம்பளி, கூடாரம், மருந்து எல்லாம் பங்களிப்பே. "பணம் வாங்கலையே" என்ற பதில் செல்லாது.

3. உங்கள் பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

அறக்கட்டளைப் பத்திரத்தில் 'செயல்படும் எல்லை' என்று ஒரு பத்தி இருக்கும். பாகூர் பக்கம் பதிவான பல அமைப்புகளில் அது 'புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம்' என்று முடிந்துவிடும். நடந்து போகும் தூரத்தில் ரெட்டிச்சாவடி இருந்தாலும் அது தமிழ்நாடு. அங்கே அரிசி கொடுத்தால் நோக்கத்துக்குப் புறம்பான செலவு என்று ஆடிட்டர் எழுதுவார். 'இந்தியா முழுவதும்' என்று திருத்தப் பத்திரம் போடுங்கள். நோக்கங்களில் 'பேரிடர் நிவாரணம், மறுவாழ்வு' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பொறுப்பாளர் பட்டியலில் அரசு ஊழியர், பத்திரிகை நிருபர், கட்சிப் பொறுப்பாளர், சட்டமன்ற உறுப்பினர் இருந்தால் அவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வது நல்லது. இவர்களெல்லாம் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாதென்று சட்டம் தடுத்திருக்கிறது. 2020 திருத்தத்தில் 'அரசு ஊழியர்' என்பது 'பொது ஊழியர்' என்று விரிந்ததால் ஊராட்சித் தலைவரை அறங்காவலராக வைத்திருப்பதும் தலைவலிதான். இந்த மாற்றங்களையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே முடியுங்கள். பாதியில் ஆளை மாற்றினால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

4. பதிவா, முன் அனுமதியா?

எஃப்சிஆர்ஏ முழுப் பதிவுக்கு (படிவம் எஃப்சி-3ஏ) அமைப்புக்கு மூன்று ஆண்டு வயது இருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் சேர்த்து 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். நிர்வாகச் செலவு இதில் சேராது. கட்டணம் 10,000 ரூபாய், சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

15 லட்சம் கணக்கில் ஒரு பொறி. தெருத் தெருவாக அரிசி, பழைய துணி திரட்டிக் கொடுத்த அமைப்புகள் "நாங்க அம்பது லட்சத்துக்கு மேல செஞ்சிருக்கோம்" என்பார்கள். தணிக்கை செய்த கணக்கில் அது செலவாக ஏறவில்லை என்றால் ஒரு ரூபாயாகக்கூட எண்ணப்படாது. இந்த ஆண்டிலிருந்தாவது வரும் பொருளுக்கு ரசீது போட்டு, மதிப்புப் போட்டு, கணக்கில் ஏற்றுங்கள்.

முன் அனுமதி (எஃப்சி-3பி) குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வாங்குவது. கட்டணம் 5,000. நிதி தருபவரின் உறுதிக் கடிதமும் திட்ட அறிக்கையும் வேண்டும். புதிய அமைப்புகளுக்கு இதுதான் வழி. ஆனால் அவசர நிவாரணத்துக்கு இது உதவாது. அனுமதி வருவதற்குள் வீடுகளில் சுண்ணாம்பே அடித்திருப்பார்கள். படகு, வலை, கூரை என்று ஆறு மாதம் கழித்து வரும் மறுவாழ்வு வேலைக்கு வேண்டுமானால் இதைக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பணம் வாங்க மூன்று ஆண்டு, செலவழிக்க நான்கு ஆண்டு என்று உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலில் வரம்பு வைத்திருக்கிறது.

கட்டணங்கள் மாறுபவை. பணம் கட்டும் திரையில் காட்டும் தொகையே இறுதி.

5. விண்ணப்பம்

எல்லாம் இணையத்தில்தான். கையில் இருக்க வேண்டியவை: நிதி ஆயோக்கின் தர்ப்பன் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான பதிவுத் தளத்தில் கிடைக்கும் எண்), பதிவுச் சான்று, பத்திரம், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, அதே மூன்று ஆண்டுகளின் செயல்பாட்டு அறிக்கை, ஆண்டுவாரியாக எந்தப் பணிக்கு எவ்வளவு செலவு என்ற விவரம், எல்லாப் பொறுப்பாளர்களின் ஆதார், ஒவ்வொருவரும் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம். அறக்கட்டளைப் பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேருங்கள். பத்திரம் தமிழில் இருப்பதே இங்கே வழக்கம். இதனாலேயே திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு.

பெயர் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று, பத்திரத்தில் இன்னொன்று என்று முதலெழுத்து முன்னும் பின்னும் போயிருக்கும். தர்ப்பன் தளத்தில் இருக்கும் பொறுப்பாளர் பட்டியலும் பத்திரத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு மத்திய உளவுத்துறையிலிருந்து நேரில் விசாரிக்க வருவார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதில்லை. பெயர்ப்பலகை தொங்கும் ஒரு அலுவலகம், கூட்டக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம், கணக்கு தெரிந்த ஒரு ஆள், இவை இருந்தால் போதும். பலகை இல்லாத வீட்டு மாடியில் "தலைவர் வெளியூர் போயிருக்கார்" என்ற பதில் கிடைத்தால் அது அப்படியே அறிக்கையில் ஏறும்.

சட்டம் சொல்வது சாதாரணமாக 90 நாள். திட்டமிடும்போது ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. இரண்டு வங்கிக் கணக்கு

வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளை, சன்சத் மார்க். டெல்லிக்குப் போக வேண்டாம், அருகில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகவே திறக்கலாம். அங்கே வந்த பணத்தைச் செலவழிக்க உள்ளூரில் ஏதாவது ஒரு வங்கியில் 'பயன்பாட்டுக் கணக்கு' தொடங்கி, அதை 45 நாளுக்குள் எஃப்சி-6டி படிவத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்த இரண்டிலும் உள்நாட்டு நன்கொடை ஒரு ரூபாய்கூடச் சேரக் கூடாது. புயல் நேரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் "உங்க அக்கவுண்ட்டுக்குப் போட்டுட்டேன் சார்" என்று 5,000 ரூபாயை இதில் போட்டுவிடுவார். துண்டறிக்கையில் எந்தக் கணக்கு எண்ணை அச்சடிக்கிறோம் என்று இரண்டு முறை பாருங்கள்.

சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையும் வெயில் காலத்ததே. கடைசி நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது நான்கு மாதம் மிச்சமிருக்கும்போதே போட்டுவிடுங்கள் என்கிறது அமைச்சகம். சான்றிதழ் காலாவதியானால் புதிதாக வாங்கவும் முடியாது, கணக்கில் கிடப்பதைத் தொடவும் முடியாது. தார்ப்பாய் லாரியில் நிற்க, பணம் வங்கியில் நிற்கும்.

7. பெரிய பொறி: கை மாற்றிவிடக் கூடாது

2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிஆர்ஏ பணம் பெற்ற ஒரு அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது. இருவரிடமும் பதிவு இருந்தாலும் முடியாது. சென்னையிலோ டெல்லியிலோ இந்தியப் பதிவோடு இருக்கும் பெரிய நிறுவனம் "எங்களுக்கு வந்திருக்கு, உங்களுக்குப் பிரிச்சுத் தர்றோம்" என்றால், நல்ல மனதோடு சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் இரண்டு. வெளிநாட்டில் இருக்கும் தலைமை நிறுவனமே உங்கள் டெல்லிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பலாம். அல்லது இந்திய நிறுவனம் பொருளைத் தானே வாங்கி, கூலி, வண்டி எல்லாவற்றுக்கும் தானே பணம் கொடுத்து நேரடியாக விநியோகிக்கலாம். நீங்கள் ஊர் காட்டி, பட்டியல் எடுத்து, உடன் நிற்கலாம். இரண்டாவதில் உங்கள் கணக்கில் ஒரு பைசாவும் வராது, பெயர் மட்டும் வரும். பதிவு இல்லாத அமைப்புக்கு அனுபவம் சேர்க்க இது நல்ல வழி.

8. 72 மணி நேரத்துக்குள் திட்டக் குறிப்பு

மழை தொடங்கும் முன் வெற்றுப் படிவமாகத் தயார் செய்து வையுங்கள்: அமைப்பின் விவரம், பாலியல் சுரண்டல் தடுப்புக் கொள்கை, புகார் பெறும் முறை, கொள்முதல் விதி, வங்கி விவரம். இவற்றைப் புயல் அன்று எழுத முடியாது. கொள்கை ஆவணம் இல்லாததால் கழிக்கப்படும் உள்ளூர் அமைப்புகள் நிறைய.

புயல் அன்று நிரப்ப வேண்டியது எண்கள் மட்டும். நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச அளவுகோலான ஸ்ஃபியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுகளைத்தான் எல்லா நிதியாளரும் பார்ப்பார்கள். 300 குடும்பம், குடும்பத்துக்கு 5 பேர், அதாவது 1,500 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றால் 22,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு நடை. குளியல் சோப்பு ஒருவருக்கு மாதம் 250 கிராம், ஆக மொத்தம் 375 கிலோ. 100 கிராம் கட்டியாக வாங்கினால் குடும்பத்துக்குப் பன்னிரண்டரை, 13 என்று போடுங்கள். துணி சோப்பு ஒருவருக்கு 200 கிராம், குடும்பத்துக்கு ஒரு கிலோ. 'தேவையான அளவு சோப்பு' என்று எழுதும் குறிப்பை யாரும் இரண்டாவது பக்கம் புரட்டுவதில்லை.

நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்பது எஃப்சிஆர்ஏ விதி. வாடகை, கணக்கு எழுதும் கூலி, அறிக்கை எழுதுதல், வண்டிப் பராமரிப்பு எல்லாம் நிர்வாகத்தில்தான் சேரும். அமைப்பின் சொந்த ஜீப்புக்கு டீசல் போட்டால் நிர்வாகம். பொருள் ஏற்ற டாடா ஏஸ் வாடகைக்கு எடுத்தால் அதை விநியோகச் செலவில் தனித் தலைப்பாகக் காட்டுங்கள். நிதியாளர் தரும் மேல்செலவுப் பங்கு இதைவிட மிகக் குறைவு. ஐரோப்பிய ஆணையம் தருவது 7 சதவீதம், அதையும் பல கூட்டாளிகள் தாங்களே வைத்துக்கொள்வார்கள். உங்கள் பங்கை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

9. கொள்முதல்: ஒரு தார்ப்பாயில் எத்தனை தவறு

சர்வதேச நிவாரணத் தார்ப்பாய் 4 × 6 மீட்டர், 24 சதுர மீட்டர். கடலூர் கடைத்தெருவில் தார்ப்பாய் அடிக்கணக்கில் விற்கும். கடைக்காரர் 12 × 18 அடி எடுத்துப் போட்டு "அதே சைஸ்தான்" என்பார். அது 20 சதுர மீட்டர்தான். குடும்பத்துக்கு நான்கு சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஆள் படுக்கும் இடம், குறைந்துவிடும். தணிக்கையில் 300 தார்ப்பாயும் கேள்விக்குள்ளாகும். 13 × 20 அடி கேளுங்கள். கனம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பக்கம் இருக்க வேண்டும். மூலையைப் பிடித்துப் பார்த்தால் தெரியாது; ஒன்றைத் தராசில் போடுங்கள். 24 சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். மூன்று கிலோ காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணித்துளை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்று, விளிம்பில் கயிறு வைத்துத் தைத்தது, என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள்.

மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே தேதியில் இருந்தால் இல்லாததைவிட மோசம். புயல் நாளில் கடை திறந்திருக்காது என்பதால் செப்டம்பரிலேயே விலை வாங்கி, 'டிசம்பர் வரை செல்லும்' என்று கடை முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்கு ஏற்றினால் அது மாநிலம் விட்டு மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்ல ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு) இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். பில் அறக்கட்டளை பெயரில் இருக்க வேண்டும், செயலாளர் பெயரில் இல்லை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது. படகு வாடகை, சுமை கூலி எல்லாமே வங்கி வழியாகப் போகட்டும்.

10. பட்டியலும் விநியோகமும்

மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரைத் தாண்டி எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. ஆனால் ஊர் வழக்கம் எல்லா வீட்டுக்கும் சமப் பங்கு. நிதியாளர் கேட்பது அதிகம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில். பொருள் வந்த பிறகு இதைப் பேசினால் லாரியை மறிப்பார்கள். பட்டியல் எடுக்கும் முன்பே கூட்டம் போட்டு, யாருக்கு ஏன் முன்னுரிமை என்று பேசி, குறிப்பேட்டில் கையெழுத்து வாங்குங்கள். விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்: வாடகை வீட்டில் இருப்பவர்கள், புறம்போக்கில் குடிசை போட்ட இருளர் குடும்பங்கள், தனியாக வாழும் பெண்கள், ரேஷன் அட்டையில் இன்னும் பெயர் ஏறாதவர்கள். பஞ்சாயத்துப் பட்டியலோடு நிற்காமல் தெருவில் ஒருமுறை நடந்து வாருங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர், தேதி, பொருள், குடும்ப எண்ணிக்கையோடு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அரசு கொடுத்த அதே ஊருக்கு அதே பொருளோடு போகாமல் இருக்கவும் இது உதவும்.

மஸ்டர் தாளில் (பொருள் வாங்கியவர்கள் கையெழுத்திடும் பட்டியல்) பெயர், ரேஷன் அட்டையின் கடைசி நான்கு எண், பொருள் வாரியாக எண்ணிக்கை, கையெழுத்து. பால்பாயிண்ட் பேனா மட்டும். ஜெல் பேனாவும் மைப்பேனாவும் தூறலில் கரைந்து, மாலையில் நீலக் கறைதான் மிஞ்சும். கைரேகை வைப்பவருக்கு எதிரே சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஆதார் நகல் வாங்கிக் குவிக்காதீர்கள். யாரும் கேட்பதில்லை, தொலைந்தால் பொறுப்பு உங்களுடையது. முந்தைய நாளே டோக்கன் கொடுத்து, 50 குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தால் தள்ளுமுள்ளு இருக்காது. புகார் எண்ணைப் பையின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

நிதியாளரின் சின்னம் போட்ட பதாகை கேட்பார்கள். படம் எடுக்கும் முன் சம்மதம் கேளுங்கள், குழந்தைகள் படம் வேண்டாம்.

11. கணக்கு முடித்தல்

ஆண்டு அறிக்கை எஃப்சி-4, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள். நம் ஊருக்கென்றே தேர்ந்தெடுத்தது போன்ற தேதி. தானே வந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள்: மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, ஆடிட்டர் வீட்டு வாசலில் மரம். செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள். அந்த ஆண்டு வெளிநாட்டுப் பணம் வரவே இல்லை என்றாலும் 'இல்லை' என்று அறிக்கை போட வேண்டும். கணக்கில் கிடந்த பணத்துக்கான வட்டியும் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே காட்டப்பட வேண்டும்.

நிதியாளரின் பட்ஜெட் யூரோவிலோ பவுண்டிலோ இருக்கும், உங்கள் பில்கள் ரூபாயில். எந்த நாளின் மாற்று விகிதம் என்பதை ஒப்பந்தத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பணம் வந்த நாளின் வங்கி விகிதம் என்பதுதான் குழப்பம் குறைவானது. மிச்சத்தை வேறு வேலைக்குத் திருப்ப எழுத்தில் அனுமதி வேண்டும்.

மஸ்டர் தாள்களை அன்றிரவே ஸ்கேன் செய்து, அசலை பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி மாடியில் வையுங்கள். தரைத்தளத்து இரும்பு அலமாரியில் வேண்டாம். அடுத்த வெள்ளம் முதலில் வருவது அங்கேதான்.